சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமண மண்டபம் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் இடையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்குத் திருமணம் பேசி முடித்துவிட்டு மண்டபம் தேடும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. மேடை அழகைப் பார்த்து மண்டபம் எடுப்பவர்களே அதிகம். வந்தவர்கள் வயிறார உண்டு, பெரியவர்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்து போக வேண்டும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பந்தி, சமையற்கட்டு, கழிப்பறை ஆகியவற்றைப் பற்றியே இங்கு அதிகம் எழுதியிருக்கிறேன்.

மண்டபம் பார்க்கப் புறப்படுமுன் எதை முடிவு செய்துகொள்ள வேண்டும்?

தாலி கட்டும் இடமும் விருந்து நடக்கும் இடமும் ஒன்றா, வெவ்வேறா என்பதை இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதே முதல் வேலை. காலையில் கோயிலில் தாலி கட்டி மரக்கறி உணவு பரிமாறிவிட்டு, அன்று மாலையோ அடுத்த வாரமோ வேறொரு மண்டபத்தில் விருந்துபசரிப்பு வைப்பது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். இதைப் பேசாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டால், பின்னர் ஒரு வீட்டார் அசைவ விருந்து வேண்டுமென்று சொல்லும்போது கோயில் மண்டபத்தில் அதற்கு வழியிருக்காது.

அடுத்தது ஆள் கணக்கு. அழைப்பிதழ்களை எண்ணாமல் தலைகளை எண்ணுங்கள். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது நான்கைந்து தாமான்களில் பிரிந்து வாழ்ந்தாலும், கல்யாணம் என்று சொன்னால் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பத்தோடு வருவார்கள்; அப்படி வருவதைத்தான் நாமும் விரும்புகிறோம். 200 அழைப்பிதழ் அடித்தால் 500 பேருக்குக் குறையாமல் இடம் பார்ப்பதே பாதுகாப்பானது.

தேதியை முதலில் குறிப்பதா, மண்டபத்தை முதலில் பிடிப்பதா?

குருக்களிடமோ ஜோதிடரிடமோ ஒரே ஒரு தேதியைக் கேட்டு வாங்கி வராமல், மூன்று நான்கு தேதிகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களைப் பெரும்பாலான குடும்பங்கள் தவிர்ப்பதால், எஞ்சிய மாதங்களின் சனி, ஞாயிறுகளுக்குத்தான் எல்லாரும் போட்டியிடுகிறார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் உறவினர்கள் பள்ளி விடுமுறையில் வைத்தால்தான் வர முடியும் என்பார்கள். அது போட்டியை இன்னும் கூட்டுகிறது.

தை மாதத்துக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வரும் இம்மாதத்தில்தான் தைப்பூசமும் வருகிறது. அந்த நாள்களில் உருமி மேளக் குழுக்கள், பூக்கடைக்காரர்கள், சமையல்காரர்கள் என எல்லாரும் ஈப்போ கல்லுமலைக் கோயில் போன்ற இடங்களுக்குக் காவடி, அன்னதான வேலையாகப் போய்விடுவார்கள். சீனப் பெருநாளும் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதோ ஒரு நாளில் வந்துவிடும். அப்போது மேசை, நாற்காலி, கூடாரம் வாடகைக்கு விடும் கடைகளும் சீன உணவகங்களும் பல நாள்கள் மூடியிருக்கும். தையில் திருமணம் வைப்பதானால், மண்டபம் கிடைத்ததும் நிறைவடைந்துவிடாமல் இவர்களையும் அதே வாரத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முகூர்த்த நேரம் மண்டபத் தேர்வைப் பாதிக்குமா?

நிச்சயமாகப் பாதிக்கும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முந்தியதாக அமைந்ததால், பேராவில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கிறது. சூரிய உதயத்தை வைத்துக் கணிக்கப்படும் நேரங்களைத் தமிழ்நாட்டு நாள்காட்டியிலிருந்து அப்படியே எடுக்காமல், உள்ளூர்க் குருக்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த பிறகு, மண்டபச் சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்று கேளுங்கள். முகூர்த்தம் எட்டு மணிக்கு இருக்கும்போது மண்டபம் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றால், மணவறை சோடிப்பவர் எப்போது வேலை செய்வார்? முதல்நாள் மாலையிலிருந்தே மண்டபம் கிடைக்குமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

நம் வட்டாரத்தில் எப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கின்றன?

கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி மண்டபம், நகராண்மைக் கழகத்தின் பொது மண்டபம், சீன உணவகம், ஈப்போவில் உள்ள தங்கும் விடுதிகள், தோட்டத்துக் கோயில், வீட்டு வாசலில் கூடாரம் ஆகியவையே நம்மவர்கள் பார்க்கும் இடங்கள். பொது மண்டபத்தில் வாடகை குறைவு. ஆனால் நான்கு சுவரும் கூரையும் மட்டுமே கிடைக்கும், மற்றதெல்லாம் நாமே கொண்டு வர வேண்டும். கோயில் மண்டபத்தில் மணவறை, பாத்திரம், சில இடங்களில் சமையல்காரர் என்று பலவும் ஒருங்கே கிடைப்பதோடு, நாம் கொடுக்கும் பணம் கோயில் திருப்பணிக்கும் போய்ச் சேரும். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கும் இதுவே பொருந்தும். ஆயினும் பள்ளி நடக்கும் வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முன்னேற்பாடு செய்ய இயலாது என்பதால், சனிக்கிழமைக் காலை முகூர்த்தத்துக்குப் பள்ளி மண்டபம் அவ்வளவாக ஏற்றதன்று.

மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை நாமே கணக்கிட முடியுமா?

முடியும், மண்டபப் பொறுப்பாளர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. 800 பேர் கொள்ளும் என்று அவர் சொல்வது பெரும்பாலும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சொற்பொழிவு கேட்கும் கூட்டத்துக்கான கணக்கு.

பொது மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் தரையில் பூப்பந்து ஆட்டக்களம் வரையப்பட்டிருக்கும். அதுவே நல்ல அளவுகோல். இரட்டையர் களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையின் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்காரவும், சாம்பார் வாளியோடு ஒருவர் இடிபடாமல் நடக்கவும் சேர்த்தால், ஒரு மேசைக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மும்மூன்று மீட்டர் தேவை. அப்படியானால் ஒரு களத்துக்குள் நீளத்தில் நான்கு, அகலத்தில் இரண்டு என எட்டு மேசைகள், அதாவது 80 பேர். மூன்று களங்கள் உள்ள மண்டபத்தில் கோடுகளுக்குள் 240 பேர். களங்களுக்கு இடையிலும் ஓரங்களிலும் உள்ள இடத்தைச் சேர்த்தால் 300 பேர் வரை வசதியாக உண்ணலாம். மணமக்கள் நடந்து வரும் பாதையும், பாட்டுக்குழுவின் ஒலிபெருக்கிகளும் அந்த ஓர இடத்தில்தான் கைவைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வாழையிலைப் பந்தியாக நீள மேசை போட்டால் கணக்கு மாறும். ஓர் இலைக்கு 60 சென்டிமீட்டர் வைத்தால், களத்தின் நீளக் கோட்டை ஒட்டி ஒரு வரிசையில் 22 இலைகள் போடலாம். இரண்டு மூன்று பந்தியாக உட்கார வைக்கும் எண்ணம் இருந்தால், அடுத்த பந்திக்காகக் காத்திருப்பவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதையும் இடம் பார்க்கும்போதே முடிவு செய்யுங்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் இடம் பிடிக்க நின்றுகொண்டிருப்பது இருவருக்குமே சங்கடம். விருந்துக்கு அழைத்தவர்கள் அந்த நிலைக்கு யாரையும் ஆளாக்கக்கூடாது.

சமையற்கட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மண்டபத்தை முன்வாசல் வழியாகப் பார்க்காமல் பின்வாசல் வழியாகச் சென்று பார்க்கத் தொடங்குங்கள். அரிசி மூட்டையும் எரிவாயுத் தோம்பும் ஏற்றிய லோரி சமையற்கட்டு வாசல்வரை வந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு அங்குள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, நீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கவனியுங்கள். ஒரு குழாயில் சீறி வரும் தண்ணீர், நான்கைந்து குழாய் திறந்ததும் விரல் பருமனுக்கு மெலிந்துவிட்டால், 500 பேருக்கு அரிசி களைந்து, காய் கழுவி, அண்டா தேய்த்து முடிப்பது இயலாத காரியம். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி உண்டா, அதன் கொள்ளளவு என்ன என்று கேளுங்கள்.

அடுத்து வடிகால். சோறு வடிக்கும் கஞ்சியும் எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்தால் வலைத்தட்டு இல்லாத சாக்கடை இரண்டு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அழுக்கு நீர் பரிமாறுகிறவர்களின் காலடிக்கே திரும்பி வரும். எச்சில் இலைகளைப் போட எத்தனை தொட்டிகள் உள்ளன, அவற்றை அன்றிரவே யார் அப்புறப்படுத்துவார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். சமையற்கட்டிலிருந்து பந்திக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்று பாருங்கள். கொதிக்கும் ரசத்தை இருவர் தூக்கிக்கொண்டு படியிறங்கும் மண்டபத்தை, வேறு எல்லா வசதிகளும் இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளியிலிருந்து கேட்டரிங்காரரை அழைத்து வர அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். சில மண்டபங்கள் தாங்கள் குறிப்பிடும் சமையல்காரரை மட்டுமே அனுமதிக்கும். சில, வெளியார் வந்தால் கூடுதல் கட்டணம் கேட்கும்.

தாத்தா பாட்டி திருமணம் நடந்த தோட்டத்துக் கோயிலிலேயே நடத்த விரும்புகிறோம். சாத்தியமா?

சாத்தியம்தான், மனத்துக்கு அவ்வளவு நிறைவு தரும் இடம் வேறில்லை என்பதும் உண்மை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோதும், லயங்கள் உடைக்கப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்கு மாறியபோதும், பல கோயில்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. ஆனால் கோயில் நிற்கும் நிலம் இன்று யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்கக்கூடாது. பெரிய தோட்டங்களைத் துண்டுகளாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், இவ்வூரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்கச் செய்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். அன்று தொடங்கி இன்றுவரை கைமாறிய நிலங்கள் பல. கோயில் தலைவர் தலையாட்டினால் போதும் என்று இருந்துவிடாமல், தோட்ட நிர்வாகத்திடம் தேதி, நேரம், வரும் வாகனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, எழுத்துவழி அனுமதி பெறுங்கள். அதன் நகல் ஒன்று அன்றைய தினம் நுழைவாயிலில் இருக்கும் ஜாகாவிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியூர் விருந்தினர்கள் தடுப்புக் கம்பத்தின் முன்னால் வரிசையில் நிற்க நேரிடும்.

செம்மண் சாலை மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கனமழை பெய்வது மேற்குக் கரையில் வழக்கம் என்பதால், அம்மாதங்களில் தோட்டத்துக் கோயிலில் காலை முகூர்த்தம் மட்டும் வைத்து, நண்பகலுக்குள் எல்லாரும் தார்ச்சாலைக்கு வந்துவிடும்படி திட்டமிடுவது நல்லது. கைப்பேசி வழிகாட்டியைப் பின்பற்றி வருகிறவர்களை அது செம்பனை வரிசைகளுக்கு இடையே எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். எனவே பெரிய சாலையிலிருந்து கோயில்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் மணமக்கள் பெயரோடு அம்புக்குறிப் பலகை வையுங்கள். மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் நடமாடும் கழிப்பறையும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்; இவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே தோட்டத்தில் நடத்துவது மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நடத்தலாமா?

பரிசம், நலுங்கு போன்ற சிறு சடங்குகளுக்கு அதைவிடச் சிறந்த இடமில்லை. நூறு பேருக்கு மேல் வரும் விருந்தென்றால் தாமான் சாலையை மறிக்க வேண்டி வரும். அதற்கு நகராண்மைக் கழகத்திடமும் போலீஸிடமும் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும். அண்டை வீட்டு மலாய், சீனக் குடும்பங்களிடம் நேரில் போய்ச் சொல்லி, அவர்களையும் விருந்துக்கு அழைப்பதே முறை.

கோயில் மண்டபத்தில் தாலி கட்டினால் திருமணம் பதிவானதாக ஆகிவிடுமா?

தானாக ஆகிவிடாது. 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் அச்சட்டத்தின்படி திருமணத்தைப் பதிய வேண்டும். சில கோயில்களிலும் தேவாலயங்களிலும் துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இருப்பார்; அங்கே சடங்கும் பதிவும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். மற்ற இடங்களானால் தேசியப் பதிவிலாகாவில் தனியாகப் பதிய வேண்டும். விண்ணப்ப அறிவிப்பு 21 நாள்கள் ஒட்டி வைக்கப்பட வேண்டும் என்பதால், மண்டபம் பிடிக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை.

குளிர்சாதன மண்டபத்தில் ஹோமம் வளர்க்கலாமா?

மண்டபத்தாரிடம் கேட்காமல் வளர்க்கக்கூடாது. கூரையில் புகை உணர்கருவி இருந்தால் எச்சரிக்கை மணி ஒலித்து, தாலி கட்டும் நேரத்தில் அனைவரும் வெளியே ஓட வேண்டிவரும். அக்கருவியை அந்நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைப்பார்களா, அல்லது திறந்த பக்கவாசலை ஒட்டி மணவறை அமைக்க இடம் தருவார்களா என்று கேளுங்கள்.

அசைவமும் மதுவும் பரிமாறலாமா?

கோயில் மண்டபத்தில் இரண்டும் கூடாது. அரசாங்கப் பொது மண்டபங்களில் மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் பொதுவாகத் தடை உண்டு. முஸ்லிம் நண்பர்கள் தயக்கமின்றி உண்ண வேண்டுமானால் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையல்காரரையே அமர்த்துங்கள்.

வயதானவர்களுக்காக எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து முழங்கால் தேய்ந்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் வராமல் கல்யாணம் நிறைவடையாது. வந்துவிட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதும் பல மண்டபங்களில் நடக்கிறது. ஆகவே உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்றாவது உள்ளதா, அதன் கதவு சக்கர நாற்காலி நுழையும் அளவு அகலமா, தரை வழுக்குமா, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருக்கிறதா என்பதை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை அழைத்துச் சென்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மாடியில் உள்ள மண்டபமென்றால் மின்தூக்கி இயங்குகிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு அருகில் இல்லாத, வாசலுக்குப் பக்கமான மேசைகளை அவர்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

உருமி மேளம் வைப்பதற்கு மண்டபத்தார் மறுக்க முடியுமா?

முடியும், பலர் மறுக்கவும் செய்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வெளிவாசல்வரை அனுமதித்து, உள்ளே நாதஸ்வரம் மட்டும் என்று சொல்லும் மண்டபங்களும் உண்டு. அருகில் சூராவ் இருந்தால், தொழுகை அழைப்பு ஒலிக்கும் நேரத்தில் மேளத்தை நிறுத்திவிடும்படி குழுத்தலைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாலை விருந்துக்கு மணமக்கள் வந்திறங்கும் ஏழரை மணி வாக்கில்தான் அந்த அழைப்பும் ஒலிக்கும்.

வாடகை பேசும்போது எதில் ஏமாந்துவிடக்கூடாது?

சொல்லப்படும் வாடகையில் எவையெல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்: குளிர்சாதனம், சமையற்கட்டு, மேசை நாற்காலி, துப்புரவு, காவலர், கூடுதல் மணி நேரம். தங்கும் விடுதியில் ஒரு மேசை 800 வெள்ளி என்று சொல்லி, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பொதுவாக 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உணவுக்கான 6 விழுக்காடு சேவை வரியும் தனியாக வரும். அந்த மேசை 900 வெள்ளியைத் தாண்டிவிடும். 50 மேசைக்கு அது சிறு தொகை அன்று. வைப்புத்தொகை எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் ரசீதிலேயே இருக்க வேண்டும்.

ஈப்போ விடுதியில் நடத்தினால்தான் மதிப்பு என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டியதில்லை. நம் விருந்தினர்களில் பலர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். இரவு பதினொரு மணிக்குமேல் ஈப்போவிலிருந்து குழந்தைகளோடு அவர்கள் திரும்பி வர வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அப்படியும் ஈப்போவில்தான் என்றால், போகவர ஒரு பேருந்து ஏற்பாடு செய்துவிடுங்கள்.

முன்பதிவு செய்த மண்டபம் கைவிட்டுப் போகும் சூழ்நிலை உண்டா?

பள்ளி மண்டபத்துக்கும் அரசாங்க மண்டபத்துக்கும் உண்டு. தேர்தல் வந்தால் அவை வாக்களிப்பு மையமாகும். வெள்ளம் வந்தால் தற்காலிக நிவாரண மையமாகும். 15ஆவது பொதுத் தேர்தல் 2022 நவம்பர் 19, சனிக்கிழமை நடந்தது. கார்த்திகை பிறந்து முகூர்த்தங்கள் நடக்கும் நேரம் அது. அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, வாக்களிப்பு நாள் அக்டோபர் 20ஆம் தேதிதான் அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு நிலை வந்தால் மாற்று இடம் தேட ஒரே மாத அவகாசம்தான் கிடைக்கும். எனவே இத்தகைய மண்டபங்களை எடுக்கும்போது, அரசாங்கம் எடுத்துக்கொண்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தாலி கட்டுவதைக் கோயிலில் வைத்துக்கொண்டால் முகூர்த்தம் பாதிக்கப்படாது. விருந்தை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, அழைப்பிதழ் பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் நேரடியாகப் பேசித் தெரிவித்துவிடலாம்.